பெரியம்மா, அந்த மாத்திரை அட்டையை எறிந்துவிடாதீர்கள்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையால் போன நம்ம தம்பிக்கு வருஷத் திதி கொடுத்துவிட்டு செல்லூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "நஷ்ட ஈடு வாங்குனா பெத்த பிள்ளைய வித்த மாதிரிடா" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. வக்கீல் ஆபீசில் கட்டுச் சுமக்கிற எனக்கு இதே பேச்சு மற்றத் தாய்மார்களிடமும் காதில் விழுகிறது. அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

போலீஸ் எடுத்துப் போனது போக, அவன் புத்தகப் பைக்குள் ஒரு அட்டை கிடந்ததே, டேபென்டடால். பத்தில் ஏழு காலி. பின்னால் பேட்ச் எண் பாதி கிழிந்திருந்தது. கடும் வலிக்கு டாக்டர் எழுதித் தருகிற மருந்து அது; சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அந்த மருந்துக் கடையில் சீட்டும் கேட்கவில்லை, பில்லும் போடவில்லை. பிளஸ் டூ பையன் என்று தெரிந்தே விலையை ஏற்றிக் கொடுத்தார்கள்.

கிரிமினல் வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும். ஜெயிலுக்குப் போனாலும் கடைக்காரர் சம்பாதித்தது அவரிடமே இருந்துவிடலாம். அதில் கை வைக்க நாமே சிவில் வழக்குப் போடலாம். 1855-ஆம் வருஷத்து ஃபேட்டல் ஆக்சிடென்ட்ஸ் ஆக்ட் இருக்கிறது. பெயரில்தான் விபத்து, ஒருவருடைய தவறாலோ அசட்டையாலோ உயிர் போனால், பெற்றவர்களுக்காக இழப்பீடு கேட்கலாம். அமெரிக்காவில் சில மாநிலங்களில் போதைப்பொருள் விற்றவன் மேல் குடும்பம் வழக்குப் போடவே தனிச் சட்டம் உண்டு. நமக்கு அது இல்லை, இந்தப் பழைய சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று சித்தப்பா கேட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு, அதாவது பொருளால் வந்த கேட்டுக்கு இழப்பீடு கேட்கிற வழக்கு, வராது என்று ஒரு ஓட்டை இருக்கிறது. எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். சிவில் கோர்ட்டிலும் "பையன் தானே போட்டுக்கிட்டான்" என்பார்கள். தொகை குறையலாம், அதை மறைக்கவில்லை. கூட வாங்கிய பையன்கள் சாட்சிக்கு வருவார்களா என்பதும் சந்தேகம்தான். ஆனால் சீட்டில்லாமல் சின்னப் பையனுக்கு விற்றது விற்றதுதான்.

அப்புறம், இறந்த நாளிலிருந்து இரண்டே வருஷம்தான் கெடு. ஒன்று போய்விட்டது. செலவை நினைக்காதீர்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, ஜில்லா கோர்ட் வளாகத்திலேயே மனுக் கொடுக்கலாம்.

வரும் பணத்தைத் தொட மனசில்லை என்றால் தொடாதீர்கள். கடைக்காரர் கையிலிருந்து போகட்டும், அது போதும் எனக்கு. செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறேன். அட்டையைக் கழுவித் துடைக்காமல், ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள்.

உங்கள் மகன் மாதிரி,
தங்கச்சி பிள்ளை