தவறான வருமானக் கணக்கால் இழந்த ஆப்ஷன் பணம்: புகார்

பெறுநர்: மேலாளர், வீட்டுக் கடன் ஆலோசனைப் பிரிவு, சிங்கப்பூர்

ஐயா / அம்மையீர்,

950,000 வெள்ளிக்கு வந்த மறுவிற்பனை கொண்டோ ஒன்றுக்குத் தங்கள் ஆலோசகர் போட்டுக் கொடுத்த கடன் கணக்கு தவறு. அதை நம்பிக் கட்டிய 1 விழுக்காட்டு ஆப்ஷன் பணம் (குறித்த நாள்வரை வீட்டை எனக்கென்று பிடித்துவைக்கும் தொகை) 9,500 வெள்ளி, விற்பவரிடமே போய்விட்டது.

ஆலோசகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளில் "மாத வருமானம் 8,500" என்று ஒரே வரிதான். நான் கொடுத்த சம்பளச் சீட்டிலோ அடிப்படைச் சம்பளம் 6,000. அதன் கீழே தனி வரியில் விற்பனைக் கமிஷன், பன்னிரண்டு மாதச் சராசரி 2,500. மாதாமாதம் ஏறி இறங்கும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் டிடிஎஸ்ஆர், அதாவது எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு, பார்க்க வேண்டும். நாணய ஆணையத்தின் விதி இது. கடன் ஆலோசனையைத் தொழிலாகச் செய்பவர் முதல் நாளே கற்றிருக்க வேண்டியது. கழித்தால் கமிஷன் 1,750, வருமானம் 7,750. அதில் 55 விழுக்காடு 4,262. கார் கடன் 900 போக வீட்டுக்கு மிஞ்சுவது 3,362. வங்கி சோதித்துப் பார்க்கும் 4 விழுக்காட்டு வட்டியில், 25 ஆண்டுத் தவணைக்கு இது ஏறத்தாழ 637,000 வெள்ளிக் கடனைத்தான் தாங்கும். ஆலோசகர் உறுதி சொன்னது விலையில் 75 விழுக்காடு, அதாவது 712,500. துண்டு விழுந்தது 75,500.

கணக்குப் பிசகுவது யாருக்கும் நேரலாம். அதைப் பிடிக்கத்தான் ஐபிஏ என்ற வங்கியின் முன் ஒப்புதல் இருக்கிறது. ஆப்ஷன் போடுமுன் ஐபிஏ வாங்க வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டேன். "முதலில் ஆப்ஷனைப் போடுங்கள், வங்கி பார்த்துக்கொள்ளும்" என்பதே பதில். ஆப்ஷனுக்கு இருந்தது 14 நாள். என் ஆவணங்கள் வங்கிக்குப் போனதே ஆறாம் நாள். குறைந்த தொகை தெரிய வந்தது பதினோராம் நாள். முன்பணமான 237,500 வெள்ளியை ஏற்கெனவே சேமநிதியிலிருந்தும் கையிலிருந்தும் ஒதுக்கியாகிவிட்டது. மீதி மூன்று நாளில் இன்னொரு 75,500 எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாளில் மூன்று வங்கிகள்தான் இருந்தன, அதுவும் முதலாண்டு வட்டி மட்டும். சந்தையின் அடிப்படை வட்டியான சோராவுக்கு மேல் வங்கி சேர்க்கும் விகிதம் மூன்றாம் ஆண்டில் எவ்வளவு ஆகும், லாக்-இன் காலத்தில் (முன்கூட்டி அடைக்கக் கட்டுப்பாடு உள்ள தொடக்க ஆண்டுகளில்) கடனை முழுதாக அடைத்தால் அபராதம் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. 1.5 விழுக்காடு என்றாலே 600,000 கடனுக்கு 9,000 வெள்ளி. வங்கியிடம் கமிஷன் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்காத ஆலோசகர்களின் வருமானமே அதுதான். ஆனால் எந்த வங்கி தருகிறது, எது தராததால் பட்டியலில் இல்லை என்பது தெரியாமல் யார் பேச்சை நம்பி வீடு வாங்குவது?

நான் கேட்பது: 9,500 வெள்ளி இழப்பீடு, தங்களுக்குக் கமிஷன் தரும் வங்கிகளின் பெயர்கள் எழுத்தில், ஐபிஏ கைக்கு வராமல் எந்த வாடிக்கையாளரையும் ஆப்ஷன் போடச் சொல்வதில்லை என்ற உறுதி. 14 நாளில் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் செய்வேன்.

இணைப்பு: ஆலோசகரின் கணக்குத் தாள், சம்பளச் சீட்டுகள், வாட்ஸ்அப் உரையாடல், ஆப்ஷன் நகல்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்