கருப்பிக்கு வந்தது கண்ணேறு இல்லை

லீட்ஸ், இங்கிலாந்து,
10.11.2024, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. "போனில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் நீ பேசுவதில்லை, அதனால்தான் எழுதச் சொன்னேன்" என்று தங்கச்சி கையெழுத்தில் வாசித்தபோது உன் குரல் அப்படியே கேட்டது. வேலை அதிகம் என்று பொய் சொல்ல வரவில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் கிடங்குக்கு வரச் சொல்கிறார்கள். அதுவும் நல்லதுதான், தூங்க நேரம் கிடைக்கிறது.

நம் கோழி கருப்பிக்கு இறகு உதிர்கிறது, மேலத்தெரு அத்தையின் கண்ணேறுதான் என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே, இங்கே எனக்கு அதில் ஒரு வாத்தியார் இருக்கிறாள். குப்பைத் தொட்டியை நான் மாற்றி வைத்ததற்குக் கதவைத் தட்டினாளே, அந்தப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டிதான். புறவாசலில் ஐந்து கோழி. ஐந்துக்கும் ராணிகளின் பெயர். முட்டை குறைந்ததும் பண்ணைக்காரர்கள் ஒன்றரை வயதில் கழித்துவிடுகிற கோழிகளை இங்கே சிலர் வாங்கி வந்து வளர்ப்பார்கள். அப்படிச் செப்டம்பர் கடைசியில் வந்தவை. அன்றைக்கு நீ பார்த்திருக்க வேண்டும். கறிக்கடையில் உரித்துத் தொங்கவிட்டது இறங்கி நடந்து வந்த மாதிரி இருந்தது. நெருக்கி அடைத்து வைத்தால் ஒன்றையொன்று கொத்திப் பிடுங்கிவிடுமாம்.

பாட்டி உடனே கம்பளி நூலெடுத்து ஐந்துக்கும் சட்டை பின்னிவிட்டாள்! சட்டை போட்டால் அலகால் இறகைக் கோத முடியாது, செள்ளும் பேனும் உள்ளேயே குடியிருக்கும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் திட்டிய பிறகுதான் கழற்றினாள். மிச்ச நூலில் எனக்கு ஒரு குல்லா. பச்சையும் மஞ்சளும். வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கதகதப்பாக இருக்கிறது, ஹீட்டரே தேவையில்லை.

ஒருநாள் உளுந்தம்பருப்புச் சோறு மிஞ்சியது. கோழிக்குப் போடலாமே என்று கொண்டு போனால், விஷத்தைக் கண்டவள் மாதிரி பின்வாங்கினாள். 2001-ல் இங்கே கோமாரி வந்து மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றார்களாம். அப்போது வந்த கெடுபிடியில் வீட்டு அடுக்களை மிச்சத்தைக் கோழிக்குப் போடுவதே குற்றம். போன மாதத்திலிருந்து ஒற்றைக் கோழி வைத்திருந்தாலும் அரசாங்கத்தில் பதிய வேண்டும். ஆச்சி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்!

சரி, கருப்பிக்கு வந்தது மேலத்தெரு அத்தையின் கண்ணேறு இல்லை, அவளை விட்டுவிடு. ரெக்கை மாற்றுகிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியென்றால் தலை, கழுத்தில் தொடங்கி வால் வரை வரிசையாக உதிரும், பின்னாலேயே முள்முள்ளாகப் புது இறகு முளைக்கும். முடிய ரெண்டு மூன்று மாதம் ஆகும். நீயோ முதுகு மட்டும் வழுக்கை, கொண்டை வெளுத்திருக்கிறது, ராத்திரி கூட்டுக்குள் போக மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறாய். செள்ளுதான் என்று நினைக்கிறேன். பகலில் கோழி மேல் தேடினால் கிடைக்காது. ராத்திரி ஏறி ரத்தம் குடித்துவிட்டு இடுக்குக்குள் போய்விடும். இருட்டியபின் டார்ச் அடித்து, கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். சிவப்பாக ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். அந்தக் கம்பை எரித்துவிடு. கோழிகளை வெளியே விட்டுவிட்டு இடுக்கெல்லாம் கொதிக்கிற வெந்நீர் ஊற்று, ஒரு வாரம் கழித்து மறுபடியும். அதற்குள் செள்ளு முட்டையிலிருந்து புதுசு பொரித்து வந்திருக்கும். முதுகு போனதற்கு சித்தப்பாவின் செவலைச் சேவல் மிதிப்பதும் காரணமாக இருக்கலாம், அவனை ரெண்டு வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வை. இறகில் நூற்றுக்கு 85 பங்கு புரதம்தானாம். வெறும் குருணையைத் தின்று அது எங்கிருந்து முளைக்கும்? கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் சேர்.

இங்கே நாலே காலுக்கு இருட்டிவிடுகிறது. பாட்டிக்கு முட்டி வலி, அதனால் சாயங்காலம் கூட்டை நான்தான் அடைக்கிறேன். நேற்று கதவைத் திறந்ததும் ஈரத் தவிடும் எச்சமும் கலந்த அந்த வாடை, மழைக்குப் பின் நம் புறவாசலில் வருமே, அது. உள்ளே தலையை நீட்டியபடியே நின்றுவிட்டேன். பாட்டி ஜன்னலைத் திறந்து, குளிருகிறதா, கண்ணில் தண்ணீர் வருகிறதே என்றாள். ஆமாம், குளிர்தான் என்றேன்.

பிசானத்துக்கு நாற்று பாவியாச்சா? அணையில் தண்ணீர் எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டு எழுது. சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போனீர்களா, அல்லது அப்பாவின் காலைச் சாக்கு சொல்லி இருந்துவிட்டீர்களா? தங்கச்சியைப் பார்க்க அம்பையிலிருந்து வந்தவர்கள் எதுவும் சொல்லி அனுப்பினார்களா? தைக்குள் முடிவு சொல்லச் சொல், இழுத்தடித்தால் விட்டுவிடலாம். மதினியின் வளையலை இப்போதே மீட்க வேண்டாம், வட்டியை மட்டும் கட்டச் சொல். இந்த மாதப் பணம் இருபதாம் தேதி வாக்கில் வரும், வங்கியில் ஏதோ தாமதம். அண்ணனிடம் தனியாகப் பேசுகிறேன்.

அப்பளம் அனுப்ப வேண்டாம், நொறுங்கிவிடும். எள்ளுப்பொடி போதும்.

கருப்பியைக் கார்த்திகைக்குள் குழம்பு வைத்துவிடாதே. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்ன நிறம் வந்தது என்று எழுது. பாட்டி கேட்பாள்.

உன் மகன்