அந்தக் குட்டித் தோழிகளில் ஒருத்தி

என் பழைய பெஞ்சுத் தோழிக்கு,

நலம்தானே? உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கண் ஆபரேஷன் முடிந்து, இனி எழுதலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே உட்கார்ந்துவிட்டேன். வரி மேலும் கீழுமாகப் போனால் பொறுத்துக்கொள். ஆபரேஷன் செய்த இடது கண்ணுக்கு உலகம் பளிச்சென்று, கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது. வலது கண்ணுக்கு அதே பழைய மஞ்சள். இதில் எதை நம்புவது என்று டாக்டரைக் கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

நீ வீடு மாறியதும், தரைத்தளமாகவே கிடைத்ததும் நிம்மதியாக இருந்தது. உன் முழங்கால் என்னை வாழ்த்தட்டும், மாறச் சொல்லி நச்சரித்தது நான்தானே. ஆனால் உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு இடம். அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, எட்டு வயதில் நீ கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய கடிதம் அடியில் நாலாக மடித்துக் கிடந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதோடு சரி, அடுத்த வரியில் குழாய் ரிப்பேருக்குப் போய்விட்டாய். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்று உனக்குத் தெரிந்திருக்கும். மறந்திருந்தால் நானே நினைவுபடுத்திவிடுகிறேன். ஐம்பத்தாறு வருடக் கடன் இது.

பள்ளிக்கூட மாடிப்படி, கீழிருந்து மூன்றாவது படி. இந்த வருடம் தாத்தாவிடம் என்ன கேட்கப் போகிறாய் என்று ரகசியமாக என் காதில் சொல்ல வந்தாய். நான் சொல்லவிடவில்லை. "தாத்தாவும் கிடையாது, மானும் கிடையாது. எல்லாம் உங்கப்பா வாங்கி வைக்கிறதுதான்" என்று போட்டு உடைத்தேன். நீ அழுதிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாய், முனை உடைந்த பிறகும். மறுநாள் பெஞ்சில் நம் இருவருக்கும் நடுவே உன் பையை வைத்தாய். அந்தப் பை எப்போது எடுக்கப்பட்டது என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை, இல்லையா? எங்கள் வீட்டில் பரிசோடு ஒரு சீட்டும் இருக்கும். "நல்ல குழந்தாய், அம்மா சொல் கேட்டு நட. இப்படிக்கு, கிறிஸ்துமஸ் தாத்தா." ஏழு வயதில் அந்தக் 'குழந்தாய்' என்னை உறுத்தியது. சரியாகச் சொன்னால் அதிலிருந்த ழகரத்தின் வால். அப்பா ழ எழுதினால் வாலைக் கீழே நன்றாக இழுத்து, தூண்டில் முள் மாதிரி ஒரு சுழி சுழித்து மேலே கொண்டுவருவார். என் நோட்டு லேபிளில் 'தமிழ்' என்று எழுதித் தந்ததும் அவர்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வடதுருவத்தில் இருப்பவரும் எங்கள் அப்பாவும் ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கி ழ கற்றிருந்தால்தான் உண்டு.

கண்டுபிடித்த பெருமை ஒரு வருடம் உள்ளே கிடந்து கொதித்தது. அப்பாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் பரிசு நின்றுவிடும் என்ற கணக்கும் இருந்தது, மறைப்பானேன். எங்காவது கொட்டியாக வேண்டும். நீ அகப்பட்டாய்.

வீட்டில் மட்டும் நாடகம் தொடர்ந்தது. ஒவ்வொரு டிசம்பர் 25 காலையிலும் வாயைப் பிளந்து ஆச்சரியப்படுவேன், அப்பா கதவோரம் நின்று பார்ப்பார். பதினோரு வயதில் ஒரு வருடம் பரிசு இருந்தது, சீட்டு இல்லை. "இந்தா, அப்பா வாங்கினது" என்று அம்மா கையிலேயே கொடுத்துவிட்டாள். பெண் வளர்ந்துவிட்டாள் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருக்கிறார்கள். நாலு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தானே? குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தாத்தா இல்லை என்று தெரிந்தபோது வராத அழுகை, அப்பா அந்த ழ எழுதுவதை நிறுத்தியபோது வந்தது.

இதெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் உன் டிரங்குப் பெட்டி மட்டுமில்லை. பேத்திக்கு ஏழு முடிந்துவிட்டது. வீட்டில் விசாரணைக் கமிஷன் நடக்கிறது. ஒரே ராத்திரியில் அத்தனை வீட்டுக்கும் எப்படிப் போவார், புகைபோக்கி இல்லாத வீட்டுக்குள் எப்படி வருவார் என்பதெல்லாம் பழைய கேள்விகள். இவள் கலைமானைப் பிடித்துக்கொண்டாள். ஆண் கலைமானுக்குக் கொம்பு பெரும்பாலும் குளிர்காலத் தொடக்கத்திலேயே உதிர்ந்துவிடும், பெண் மானுக்குத்தான் வசந்தம் வரை நிற்கும் என்று ஏதோ புத்தகத்தில் படித்திருக்கிறாள். படத்திலோ எட்டுக்கும் கொம்பு. "அப்போ வண்டி இழுக்கறது எல்லாமே அம்மா மானா பாட்டி?" என்றாள். அவள் அம்மா அப்போது ஒரு கையில் தோசைக்கரண்டியும் மறுகையில் போனுமாக நின்றுகொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை பங்குக்கு ரேடாரைக் காட்டினார். 1955இல் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் வான் பாதுகாப்புத் தளத்துக்கு, தாத்தாவைக் கேட்டு ஒரு குழந்தையின் போன் தவறி வந்திருக்கிறது. எடுத்தவர் கர்னல் ஹாரி ஷூப். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருடைய ஆட்கள் தாத்தா எங்கே பறக்கிறார் என்று விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தது, இன்றைக்கு நோராட் என்ற அமெரிக்க-கனடா வான் பாதுகாப்பு அமைப்பின் பெயரில் வருடா வருடம் நடக்கிறது. எதிரி விமானத்தைத் தேட வைத்த கண், கிழவரின் வண்டியைத் தேடுகிறது. எனக்கு இது பிடித்திருந்தது. பேத்திக்குப் பிடிக்கவில்லை. "ரேடார்ல புள்ளிதானே தெரியும்? அது தாத்தான்னு யார் சொன்னா?" என்று அப்பாவை மடக்கிவிட்டாள்.

கடைசியில் மகள் எனக்கு ஒன்றை அனுப்பி, "அவளுக்கு நீயே படிச்சுக் காட்டும்மா" என்றாள். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். 1897இல் நியூயார்க்கில் வர்ஜீனியா ஓஹான்லன் என்ற எட்டு வயதுப் பெண் 'தி சன்' பத்திரிகைக்கு எழுதிக் கேட்டாளே, சாண்டா கிளாஸ் உண்டா இல்லையா என்று. செப்டம்பர் 21ஆம் தேதி தலையங்கப் பக்கத்தில் பதில் வந்தது, உண்டு என்று. எழுதியவர் ஃபிரான்சிஸ் சர்ச். போர்முனைச் செய்தியாளராக இருந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். அவர்தான் எழுதினார் என்பதே 1906இல் அவர் இறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்தப் பெண் பெரியவளாகி ஆசிரியையானாள்.

உலகமே உருகிய கட்டுரை அது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் சொல்லட்டுமா? அந்தக் குழந்தை தன் கடிதத்தில், சாண்டா இல்லை என்று என் குட்டித் தோழிகள் சிலர் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். பெரிய மனிதர் எடுத்த எடுப்பிலேயே, உன் தோழிகள் சொல்வது தவறு, எதையும் சந்தேகிக்கும் காலத்தின் நோய் அவர்களையும் பிடித்திருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தத் தோழிகள் சொன்னது சரிதானே! அவர்களில் ஒருத்தியும் தன் அப்பாவின் எழுத்தை நோட்டோடு ஒத்துப் பார்த்தவளாக இருந்திருக்கலாம். பத்திரிகை வந்த மறுநாள் அவர்களை வகுப்பில் எப்படிப் பார்த்திருப்பார்கள்? நூற்றிருபது வருடத்துக்கு மேலாக எல்லோரும் வர்ஜீனியாவையே விசாரிக்கிறார்கள். என் கட்சி அந்தக் குட்டித் தோழிகளின் கட்சி. அதில் எனக்கு ஆயுள் உறுப்பினர் பதவியே உண்டு.

அதே கட்டுரையில், அப்பாவிடம் சொல்லி எல்லாப் புகைபோக்கிக்கும் ஆள் வைத்துக் காவல் காத்தாலும் சாண்டா அகப்படமாட்டார், அதனால் அவர் இல்லை என்று ஆகிவிடுமா என்றும் ஒரு வாதம் வருகிறது. ஆனால் மூலக் கதையில் ஆள் அகப்பட்டிருக்கிறார். நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலிருக்கும் மைராவில் ஆயராக இருந்த நிக்கோலாஸைப் பற்றிய கதை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒருவன் வீட்டில் ராத்திரி ஜன்னல் வழியாகப் பொன்முடிப்பு வந்து விழுகிறது. முதல் பெண்ணுக்கு ஒன்று, இரண்டாம் பெண்ணுக்கு ஒன்று. மூன்றாம் தடவை அந்த அப்பன் தூங்காமல் காத்திருந்து, ஓடிப்போய்ப் பிடித்துவிடுகிறான். நான் உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்கிறார் நிக்கோலாஸ். கதை நமக்குக் கிடைத்திருப்பதைப் பார்த்தால் அவன் எப்போதோ சொல்லித்தான் இருக்கிறான். மாடிப்படியில் நின்று யாரிடம் சொன்னானோ.

இன்னொன்று, ஒற்றைக் கண்ணால் போனில் படித்தது. 1994இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு. நம்பிக்கை விட்டுப்போன 52 பிள்ளைகளிடம் பேசியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஏழு வயதுவாக்கில் தாங்களாகவே கண்டுபிடித்தவர்கள், கண்டுபிடித்ததில் அனேகமாகச் சந்தோஷப்பட்டவர்கள். துக்கப்பட்டது பெற்றோர்கள்தானாம். அப்பா அந்தக் கதவோரத்தில் எத்தனை வருடம் நின்றார் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. உன்னைத்தான் அந்தக் கணக்கில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீயாகக் கண்டுபிடிக்கவில்லையே, நான் அல்லவா பிடுங்கிக்கொண்டேன். கண்டுபிடிக்கிற சந்தோஷத்தையும் சேர்த்து.

சரி, பேத்தி கதையை முடிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "பாட்டி, நிஜமா சொல்லு, இருக்காரா?" என்றாள். படியில் நின்று அவ்வளவு தைரியமாக உண்மை பேசியவளுக்கு நாக்கு எழவில்லை. "நீ என்ன நினைக்கறே?" என்றேன். "கேள்விக்குக் கேள்வி கேக்கறே. அப்போ இல்லைன்னுதான் அர்த்தம்" என்றாள். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு அந்த ழகரக் கதையைச் சொன்னேன். உன்னைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டேன், துணிவில்லை.

மறுநாள் மேஜையடியில் உட்கார்ந்து என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு நாலு வயது, இப்போதுதான் எழுத்து கூட்டுகிறான். இந்த வருடம் அவனுக்கு வரும் சீட்டைத் தானே எழுதப்போகிறாளாம், அவன் பின்னால் ஒத்துப் பார்த்துப் பிடித்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதிப் பழகுகிறாள். ஒரு பக்கம் முழுக்க ழ. ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. ஒன்றிரண்டில் வால் இழுத்து மேலே சுழித்திருப்பது தற்செயல்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வலது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் பதில் போடு. முழங்காலைப் பற்றி நாலு வரி போதும். உன் அம்மா பத்திரப்படுத்திய அந்தக் கடிதத்தை எடுத்து, மேலே தேதி போட்டிருக்கிறாயா என்று பார். தேதி இல்லாவிட்டால், என்ன கேட்டிருந்தாய் என்றாவது எழுது. நான் மாடிப்படியில் சொன்னதற்கு முன்னால் எழுதியதா, பின்னால் எழுதியதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

என்றும் உன்,
பெஞ்சின் மறுகோடி