அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று வெட்சூட் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறது. மேன்லி, மரூப்ரா, குரோனுல்லா கடற்கரைகளில் அலைச்சறுக்கு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் சிட்னித் தமிழ்ப் பெற்றோர் இப்போது வெட்சூட் (குளிர்ந்த நீரில் உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) தேடிக் கடை ஏறுவார்கள். பள்ளிச் சீருடையை ஒரு அளவு கூட்டி எடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வளரும் பிள்ளை, அடுத்த வருஷமும் போடட்டும் என்ற கணக்கு அது. வெட்சூட்டில் அந்தக் கணக்கு பிள்ளையை நடுங்க வைத்துவிடும்.

வெட்சூட் உடம்பை நனையாமல் காக்கும் உடை அல்ல. நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் உடற்சூட்டை வெளியே போகாமல் பிடித்து வைக்கின்றன. உள்ளே கசியும் நீர் மெல்லிய படலமாகத் தோலோடு நின்றுவிட்டால் உடம்பே அதைச் சூடாக்கிவிடும். தொளதொளவென்று இருந்தால் அந்த நீர் நிற்காது. பிள்ளை விழும்போதெல்லாம் கழுத்து வழியே குளிர்நீர் இறங்கி, இடுப்புக்குப் பின்னால் தேங்கி, உடற்சூட்டை அள்ளிக்கொண்டு கணுக்கால் வழியே வெளியேறும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுக்கும். அதனால் தொளதொளத்த 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட்டைவிட உடம்போடு ஒட்டிய 2 மில்லிமீட்டர் வெட்சூட்டே கதகதப்பானது.

கடையிலேயே போட்டுப் பாருங்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் எளிதாக நுழையும். முதலில் கணுக்கால், முழங்கால், கவட்டை என்று கீழிருந்து மேலே முழுதாக ஏற்ற வேண்டும். கவட்டையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுவிட்டுத் தோளை இழுத்தால், சரியான அளவுகூடச் சின்னதாகத் தோன்றும். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கி, குந்தி எழச் சொல்லுங்கள். அக்குளில் மடிப்பு விழக்கூடாது. இடுப்பின் பின்குழிவில் ரப்பரைப் பிடித்து இழுத்தால் கைநிறைய வரக்கூடாது. கழுத்துப் பட்டி சுற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும், மூச்சை அடைக்கக்கூடாது. உலர்ந்த நிலையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவதுதான் சரி. நனைந்ததும் சற்று இளகும். பெரியவர்களில் வயிறு முன்தள்ளி கைகால் குட்டையாக இருப்பவர்கள் சாதாரண அளவோடு மல்லுக்கட்ட வேண்டாம். உயரம் குறைந்தவர்களுக்கென்றே ‘எல்.எஸ்.’ (லார்ஜ் ஷார்ட்), ‘எம்.எஸ்.’ (மீடியம் ஷார்ட்) என்ற அளவுகள் வருகின்றன.

அளவு சரியானபின் தடிப்புக்கு வரலாம். சிட்னிக் கடல் ஆகஸ்ட், செப்டம்பரில் 18 டிகிரி அருகே இருக்கும்; பிப்ரவரி, மார்ச்சில் 23 டிகிரியைத் தொடும். கரையில் வெயில் ஏறினாலும் கடல் மெதுவாகத்தான் சூடாகும். வசந்த விடுமுறையில் பலர் ஏமாறுவது இதனால்தான். காற்றில் 25 டிகிரி, நீரில் இன்னும் குளிர்காலம். மே மாதத்தில் நிலைமை நேர்மாறு. இன்னொன்றையும் கவனியுங்கள்: கோடையில் வடகிழக்குக் காற்று நாலைந்து நாள் விடாமல் வீசினால், ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து ஒரே நாளில் கடல் சில்லிட்டுப் போகும். ஆகவே போகும் அன்று நீரின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் 3/2 முழுச் சூட் போதும்: உடலில் 3 மில்லிமீட்டர், கைகாலில் 2. இங்கே அதை ‘ஸ்டீமர்’ என்பார்கள். நீர் 20 டிகிரிக்கு மேல் போனால் பெரியவர்களுக்கு கையோ காலோ குட்டையான 2 மில்லிமீட்டர் ‘ஸ்பிரிங்சூட்’ தாராளம். பிள்ளைகளின் சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். வகுப்பில் முறைக்காகக் காத்து நிற்கும் நேரமும் அதிகம். அவர்களுக்கு அப்போதும் 3/2தான் நல்லது. தடிப்புக் கூடக்கூட நல்லது என்று 4/3 எடுப்பது வீண். பலகையில் படுத்துக் கையால் நீரைத் தள்ளும் தோள் விரைவில் தளரும், உள்ளே உடம்பு வெந்து போகும்.

தையலையும் திருப்பிப் பாருங்கள். ஃபிளாட்லாக் தையலில் ஊசி ரப்பரைத் துளைத்து மறுபுறம் வருவதால் நீர் கசியும். கோடையில் போடும் வெட்சூட்டுக்கு அது பாதகமில்லை. குளிர்கால வெட்சூட்டுக்கு, ஒட்டி, மறுபுறம் வராமல் தைத்த ‘பிளைண்ட்ஸ்டிச்’ வேண்டும். மார்பு ஜிப் நீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் தானே உடுத்திக் கழற்றும் சிறு பிள்ளைக்கு முதுகு ஜிப்பே வசதி.

செலவுதான் கவலை என்றால், சரியான அளவில் பழைய சூட் வாங்குங்கள். பிள்ளைகள் ஒரே பருவத்தில் வளர்ந்துவிடுவதால் அதிகம் பயன்படுத்தாத சூட்டுகள் கைமாறுகின்றன. முழங்காலையும் தோளையும் இழுத்துப் பாருங்கள். ரப்பர் விறைத்து, நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிறை வடிவக் கீறல்கள் நகம் பட்டவை. நியோப்ரீன் பசையை இருபுறமும் மெல்லிசாக இரண்டு பூச்சுத் தடவி, ஒட்டும் பதம் வந்ததும் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும். உடுத்தும்போது நகத்தால் இழுக்காமல் விரல் நுனிச் சதையால் பிடித்தால் கீறலே வராது.

வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, இடுப்பில் மடித்துக் கொடியில் நிழலில் போடுங்கள். தோளில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் தோள் நீண்டு, கழுத்து தளர்ந்துவிடும். வெந்நீரும் வெயிலும் உலர்த்தும் இயந்திரமும் ரப்பரைச் சாகடிக்கும்.

சூட் கொஞ்சம் மிதக்க உதவும்தான்; அதை நம்பி நீந்தத் தெரியாத பிள்ளையை ஆழத்துக்கு விடாதீர்கள். அது உயிர்காப்பு அங்கி அல்ல.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் வெட்சூட்டைப் பெட்டியில் அடைக்க வேண்டாம். சென்னைக்குத் தெற்கே கோவளத்துக் கடலுக்கு வெயில் காக்கும் நீளக்கை லைக்ரா சட்டையே போதும்.

இப்படிக்கு,
அலைச்சறுக்குப் பயிற்றுநர்கள் இருவர்,
சிட்னி