உரிகிற நகமும் ஓயாத தண்ணீரும்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை இரண்டு தரம் படித்தேன். தாயும் சேயும் நலமாக வீடு வந்து சேர்ந்தது பெரிய நிம்மதி. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே!

கடைசிப் பத்தியில் நகத்தைப் பற்றிக் குறைப்பட்டிருந்தாய். நுனியில் ஏடு ஏடாக உரிகிறது, துணியில் மாட்டி இழுக்கிறது, குழந்தையைக் கீறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, கால்சியம் மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டிருந்தாய். கால்சியத்தை அப்புறம் பார்ப்போம். குழந்தைத் துணி அலசுவது, பால் புட்டி கழுவுவது, குழந்தையைத் தொடும் முன் ஒவ்வொரு தரமும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது என்று நீயே மேலே எழுதியிருக்கிறாய். காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

நகம் என்பது கெராட்டின் என்ற புரதம் நிறைந்த உயிரற்ற செல்கள் தட்டையாகி, அடுக்கடுக்காக ஒட்டிய தகடு. தண்ணீரைத் தோலைவிட வேகமாக உறிஞ்சும். உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாள் முழுக்க இப்படி உப்புவதும் சுருங்குவதுமாக இருந்தால் அடுக்குகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை விட்டுப்போகிறது. இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் சோப்பு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஈரமே இல்லாமல் வறண்ட நகம் மொடமொடவென்று ஒடியும். ஓயாமல் நனைந்து காய்ந்த நகம் நைந்து ஏடாக உரியும். நீ எழுதியதைப் பார்த்தால் உன்னுடையது இரண்டாவது வகை.

இதை உறுதிப்படுத்த உன் கால் நகத்தைப் பார். கை நகம் உரிந்து, கால் நகம் சீராக இருந்தால் சேதம் வெளியிலிருந்து வருகிறது. காலிலும் நகம் மெலிந்து உரிந்தால் உடம்புக்குள்ளே காரணம் தேட வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். வேரிலிருந்து நுனி வரை முழுதும் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். இன்று உரிகிற நுனி பல மாதமாகத் தண்ணீரும் சோப்பும் பட்ட பழைய பகுதி. அதைப் பழுதுபார்க்க எந்தத் தைலத்தாலும் முடியாது. கெட்டது மேலும் கிழியாமல் பார்த்துக்கொண்டு, பின்னால் வருகிற நல்ல நகத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை.

முதலில் கையுறை. துணி அலச, புட்டி கழுவ, பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை போட்டுக்கொள். ஆனால் ரப்பரை மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து நகம் வியர்வையில் ஊறும், பலன் தலைகீழாகிவிடும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ஒரு அளவு பெரிய ரப்பர் கையுறை என்று போடு. பருத்தி ஈரமாகிவிட்டால் கழற்றி வேறு மாற்று. அதற்காக மூன்று ஜோடியாவது வைத்துக்கொள். ரப்பர் ஓட்டையாகித் தண்ணீர் உள்ளே போனால் அதோடு வேலையைத் தொடராதே.

குழந்தையைத் தொடும் முன் கை கழுவுவதைக் குறைக்கச் சொல்லமாட்டேன். கழுவும் விதத்தை மாற்றினால் போதும். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரோ சாதாரண நீரோ எடு. மணமில்லாத மென்மையான சோப்பு போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே துளி வாசலினை நகத்தில் தடவு. சானிடைசர் பயன்படுத்தினாலும் காய்ந்தபின் இதையே செய். அதிலுள்ள ஆல்கஹாலும் நகத்தை வறட்டும்.

இரவுப் பராமரிப்புதான் முக்கியம். வெதுவெதுப்பான நீரில் விரல்களை 10, 15 நிமிடம் ஊறவைத்து, பிறகு எண்ணெய் பூசச் சொல்வார்கள். வறண்டு ஒடிகிற நகத்துக்கு அது நல்லது. உன் நகம் பகலெல்லாம் ஊறுகிறது, நீ தனியாக ஊறவைக்காதே. படுக்கும் முன் கடைசியாகக் கை கழுவி ஒற்றியதும் பூசு. ஒரு கைக்கு ஒரு மிளகளவு வாசலின் போதும். மேலே வழித்துவிட்டால் மட்டும் போதாது. நகம் தோலைச் சந்திக்கும் ஓரங்களில், வேர்ப்பக்கத்து மடிப்பில், முக்கியமாக நுனிக்கு அடியில் தேய்க்க வேண்டும். ஏடு பிரிவது நுனியில்தான், எண்ணெய் அங்கே போகாவிட்டால் என்ன பயன்? நகம் ரொம்ப வறண்டிருந்தால் 10 சதவீத யூரியா கலந்த க்ரீம் இன்னும் நன்றாக ஈரத்தைப் பிடிக்கும். தோல் வெடித்திருந்தால் அது எரியும். குழந்தை விரலை வாயில் வைக்குமென்பதால் யூரியா க்ரீமை இரவில் மட்டும், மேலே பருத்திக் கையுறையோடு பூசு. ராத்திரி குழந்தையை எடுக்க நேர்ந்தால் கையைக் கழுவிவிட்டு எடு.

இனி அந்த உரிந்த ஏடு. விரலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். நுனியில் வெள்ளையாகத் தெரிகிற மெல்லிய விளிம்பு, அடுக்கு தூக்கி அடியில் காற்று புகுந்த இடம். அதைப் பிய்க்கக் கை துறுதுறுக்கும். பிய்க்காதே. நுனியில் தொடங்கிய கிழிசல் சதையோடு ஒட்டிய பகுதிவரை ஓடிவிடும், அப்புறம் அது வளர்ந்து வெளியேற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நகத்தைக் குளித்த பிறகு, இளகியிருக்கும்போது வெட்டு. காய்ந்த நகம் வெட்டும்போதே சிதறும். நடுவில் ஒரே கடியாக நகவெட்டியை அழுத்தினால் வளைந்த நகம் தட்டையாகி விரிசல் விடும். ஓரத்திலிருந்து சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டு வா. அரத்தால் தேய்ப்பது இதற்கு நேர்மாறு: நகம் நன்றாகக் காய்ந்தபின் செய், ஈர நகத்தில் அரம் நாரைக் கிளப்பும். நகவெட்டியோடு வருகிற உலோக அரத்தை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி அரமோ 240 அல்லது அதற்கு மேல் எண் போட்ட, சொரசொரப்புக் குறைந்த நைசான அரமோ வாங்கு. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் இழு. முன்னும் பின்னும் ரம்பம் அறுப்பது போல இழுத்தால் நீயே ஏடு பிரிப்பதாகிவிடும். தூக்கி நிற்கிற விளிம்புக்கு, அரத்தை நகத்தின்மேல் ஏறக்குறையப் படுக்கையாக வைத்து, வேர்ப்பக்கமிருந்து நுனிப்பக்கம் மெதுவாக இரண்டு மூன்று இழுப்பு இழு. படி மழுங்கி விரலுக்குத் தட்டாமல் போனதும் நிறுத்து. மேற்பரப்பு முழுவதையும் பாலிஷ் போடுகிறேன் என்று தேய்க்காதே. நகத்தின் மொத்தத் தடிமனே அரை மி.மீ. அளவுதான். வயது ஏற ஏற நீளவாக்கில் வரிகள் வரும், அவற்றையும் அப்படியே விட்டுவிடு.

நீளம் விரல் நுனியோடு நிற்கட்டும், மூலைகள் உருண்டையாக இருக்கட்டும். வேர்ப்பக்கத்தில் நகத்தோடு ஒட்டிய மெல்லிய தோலை வெட்டவும் வேண்டாம், குச்சியால் தள்ளவும் வேண்டாம். நகம் பிறக்கிற இடத்துக்குள் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்து வைத்திருப்பது அந்தத் தோல்தான்.

நெயில் பாலிஷைப் பொறுத்தவரை, நிறமில்லாத ஒரு மெல்லிய பூச்சு தண்ணீரைத் தடுக்க உதவும். கெடுப்பது ரிமூவர். அசிட்டோன் இல்லாதது என்று விற்பதும் எண்ணெய்ப் பசையைக் கரைக்கத்தான் செய்யும், வாரத்துக்கு ஒரு தரத்துக்கு மேல் வேண்டாம். ஜெல் பாலிஷைச் சுரண்டி எடுக்கும்போது நகத்தின் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும். நகத்தைக் கெட்டியாக்கும் ஹார்டனர்களையும் நான் வேண்டாமென்பேன். ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் உள்ளவை முதலில் கெட்டியாக்கும், தொடர்ந்து பூசினால் வளையும் தன்மை போய் நகம் இன்னும் சுலபமாக உடையும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். நல்ல நகத்துக்குக் கொஞ்சம் வளையத் தெரிய வேண்டும். குழந்தையோடு இருக்கிற இந்த நாட்களில் எந்தப் பூச்சும் இல்லாமல் இருப்பதே மேல்.

இப்போது கால்சியம். நகத்தில் அது மிகச் சொற்பம்தான். நகத்துக்கு உறுதி தருவது கெராட்டினில் இருக்கிற கந்தகப் பிணைப்பு. நகத்துக்காகக் கால்சியம் மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. பயோட்டின் என்ற பி வகை வைட்டமினுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு: தினம் 2.5 மி.கி. பல மாதம் எடுத்தவர்களுக்கு நகம் தடித்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும் பலிப்பதில்லை. அதில் ஒரு சிக்கலும் உண்டு. பயோட்டின் சில இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டவைக்கும், தைராய்டு, மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின் உட்பட. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. நகம் மெலிவதற்குத் தைராய்டு குறைவும் ஒரு காரணம் என்பதால், முதலில் பரிசோதனை, பிறகு பயோட்டின் என்ற வரிசையில் போ.

கால் நகமும் மெலிந்திருந்தாலோ, களைப்பும் முடி கொட்டுவதும் கூட இருந்தாலோ, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். மூன்றையும் டாக்டரிடம் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். நகம் நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் நிற்கிறது என்றால் இரும்புச்சத்தை அவசியம் பார்க்க வேண்டும். பிரசவமான உடம்பு, மகளின் நகத்தையும் ஒரு தரம் பார்.

நகம் மஞ்சளாகித் தடித்துப் பொடிந்தால் நகச்சொத்தையாக இருக்கலாம், ஊசி குத்தியது போலக் குழிகள் விழுந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு ஓடினால் தள்ளிப்போடாதே. மூன்றுக்கும் தோல் மருத்துவர்தான். சொத்தையென்று ஊகித்து மருந்து தொடங்க வேண்டாம், நகத்துண்டைப் பரிசோதித்து உறுதி செய்துகொண்டபின் சாப்பிடுவது நல்லது.

இன்றைக்கே பத்து விரல் நகத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வை. இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தால் வேர்ப்பக்கத்தில் சுமார் 6 மி.மீ. புதிய நகம் வந்திருக்கும். நுனி அப்போதும் உரியலாம், அதைப் பார்த்து மனம் தளராதே. அந்தப் புதிய பகுதி வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்து எழுது. பரிசோதனை செய்துகொண்டால் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
வசந்தா