ப்ளூஸுக்கு ஐந்து சுரம் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கிடார் கட்டுரையைப் படித்தேன். ப்ளூஸ் இசை வாசிக்க ஐந்து சுரம் தெரிந்தால் போதும், ஜாஸ் இசையின் ஹார்மனி (சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறை) பக்கமே போக வேண்டாம் என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் நான் ஆறு வருடம் ஓட்டினேன்.

அந்த ஐந்தும் நம் சுத்த தன்யாசி ராகத்தில் வருகிற சுரங்கள்தான். ஆனால் நம் கச்சேரியில் சட்ஜம் கடைசிவரை நகராது, ப்ளூஸிலோ 12 பார் (தாள அளவு) கொண்ட ஒரு சுற்றுக்குள் ஏ செவன், டி செவன், ஈ செவன் என்று அடியில் கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறிக்கொண்டே இருக்கும், மேலே நான் பாட்டுக்கு அதே ஐந்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பேன். பேஸ் கிடார் வாசிக்கும் நண்பன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்: "டேய், கார்ட் மாறுறது உன் காதுல விழுதா இல்லையா?"

அப்புறம்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. கார்டின் முகம், அதன் அடிச்சுரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது சுரங்களில்தான் இருக்கிறது. ஏ செவனுக்கு நான்காவது கம்பியில் 5ஆவது ஃப்ரெட் (கிடார் கழுத்தில் உள்ள கட்டை), மூன்றாவது கம்பியில் 6ஆவது ஃப்ரெட், அவ்வளவுதான், இரண்டே விரல். அப்படியே இரண்டையும் ஒரு ஃப்ரெட் பின்னால் இழுத்தால் டி செவன், ஏ செவனிலிருந்து ஒரு ஃப்ரெட் முன்னால் தள்ளினால் ஈ செவன். சோலோவிலும் டி செவன் வருகிற நொடியில் ஏ செவனின் மூன்றாவது சுரமான சி ஷார்ப்பிலிருந்து டி செவனின் ஏழாவது சுரமான சி-க்கு இறங்கிப் பாருங்கள், கூட யாரும் வாசிக்காவிட்டாலும் கார்ட் மாறியது கேட்கும்.

இதற்கு மேல் வேண்டுமென்றால் ஆறாவது பாரில் டி செவனின் டி-யை மட்டும் ஒரு ஃப்ரெட் ஏற்றி டிமினிஷ்ட் என்ற கார்டாக ஆக்கலாம், எட்டாவது பாரில் எஃப் ஷார்ப் செவன், ஒன்பதில் பி மைனர் செவன், பத்தில் ஈ செவன் என்று போகலாம். எல்லா இடத்திலும் திணித்தால் ப்ளூஸ் ஓடிப்போகும் என்பதும் உண்மை. நானும் ஒரு மாதம் அப்படித்தான் அலைந்தேன்.

இதெல்லாம் புதுசும் இல்லை. ப்ளூஸ் கிடார்காரர் டி-போன் வாக்கர் 1947இல் பதிவு செய்த 'ஸ்டார்மி மண்டே'யில் வழுக்கிக்கொண்டு வரும் நைன்த் கார்டுகளை (ஒன்பதாவது சுரமும் சேர்ந்தவை) கேளுங்கள். இன்னொரு ப்ளூஸ் கிடார்காரர் பி.பி. கிங் தன்னைப் பாதித்தவர்களாகச் சொன்னவர்களில் ஜாஸ் கிடார்காரர் சார்லி கிறிஸ்டியனும் உண்டு. பிறகு ப்ளூஸுக்கும் ஜாஸுக்கும் நடுவே எங்கே இருக்கிறது அந்தச் சுவர்?

அடுத்த முறை ஸ்கேல் (சுர வரிசை) படத்துக்குப் பக்கத்தில் 12 பாரையும் கார்டோடு அச்சிடுங்கள். போன முறை போட்ட படத்தில் கம்பிகளின் வரிசை தலைகீழாக இருந்தது, அதையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி