சர்வே எண் 25 குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்போலத்தான் இருக்கிறது. சின்னவன் விஷயம் நீ அறிந்ததே. நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு அலைபேசியை வைத்துவிடுகிறாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

உங்கள் ஹைதராபாத் பல்கலைக்கழகத்து நிலம் பற்றிய செய்திகளை எல்லாம் கத்தரித்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். மாநில அரசு இயந்திரம் விட்டு அழிக்கத் தொடங்கிய காஞ்சா கச்சிபௌலிக் காடு, சர்வே எண் 25, 400 ஏக்கர். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தே தலை நரைத்தவனுக்கு இதில் முதலில் கண்ணில் படுவது மரமும் மானும் அல்ல, பதிவேடுதான். 1974-இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஏறத்தாழ 2,300 ஏக்கர் கொடுத்தார்கள். ஆனால் பெயர் மாற்றம் முறையாக நடந்து முடியவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் 400 ஏக்கர் ஒரு தனியார் விளையாட்டு நிறுவனத்துக்குப் போய், 2006-இல் ரத்தாகி, வழக்கு நடந்து, 2024-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று மாநில அரசின் கைக்கே திரும்பியது. பல்கலைக்கழகம் காட்டைக் காக்க வேண்டுமானால், தாவரவியல் துறைக்கு முன்பாக அதன் எஸ்டேட் அலுவலகம் விழித்திருக்க வேண்டும். கூட்டுப் புலத்தணிக்கை நடத்தி, கல் நட்டு, வரைபடத்தில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். கையெழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது: யார் நீட்டினாலும், எந்த அலுவலகமானாலும், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

நீ அம்மாவுக்கு அனுப்பிய படத்தை நானும் பார்த்தேன். புல்டோசர் சக்கரத் தடத்தின் விளிம்பில் நட்சத்திர ஆமை ஒன்று, ஓட்டின் மஞ்சள் வரிகளுக்கு இடையே செம்மண் அப்பியபடி, தலையை உள்ளிழுத்துக் கிடந்தது. படம் எடுத்த இடம் தடத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதையும் பார்த்தேன். இயந்திரங்கள் வந்தது 2025 மார்ச் 30, உகாதி ஞாயிறு. அன்று மாலை நீ போன் எடுக்கவில்லை.

பதிவேட்டில் காடு என்று எழுதாததால் அது காடில்லை என்ற வாதத்தைப் பலரும் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்தின் கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதியே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. நிலம் யாருடையதாக இருந்தாலும், மண்ணில் காடு நின்றால் சட்டத்தின் முன் அது காடுதான். ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வேலையை நிறுத்தியபோது, செய்தியை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். என் மகள் படிக்கும் இடம் என்று தெரு முழுக்கச் சொன்னேன். மறுநாளே, இவள் எதற்காகப் போராட்டத்தின் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று கோபமும் வந்தது. ஆராய்ச்சிக்குப் போனவள் ஆராய்ச்சியை முடிக்க வேண்டாமா?

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஏறத்தாழ நூறு ஏக்கர் அழிந்ததாக நீதிமன்றமே சொல்லி, அதை மீட்கவும் கேட்டிருக்கிறது. மீட்பது என்றால் வரிசையாகக் குழி வெட்டி மரக்கன்று நட்டுப் படம் பிடிப்பதாகிவிடுமோ என்பதுதான் என் கவலை. பாறையும் புதரும் புல்லும் கலந்த நிலம் அது. ஆமைக்குத் தாழ்வான புதர் நிழலும் புல்லும் வேண்டும். தரையில் முட்டையிடும் பறவைக்குத் திறந்த வெளி வேண்டும். சாலையோர நிழல் மரங்களை நட்டால் இரண்டுமே போய்விடும். 200-க்கும் மேற்பட்ட பறவையினங்களைப் பட்டியலிட்டவர்கள் நீங்கள். ஹைதராபாத்தின் பெயரைத் தாங்கிய சிலந்தியைக் கண்டறிந்ததும் உங்கள் வளாகத்தில்தான். எந்த மூலையில் எது இருந்தது என்ற அந்தக் குறிப்புகளை நீதிமன்றம் கேட்கும்முன் தேதியோடும் இடத்தோடும் ஒழுங்குபடுத்தி வையுங்கள். விடுதி எச்சிலையைத் திறந்து கொட்டினால் நாய்கள் பெருகும், நாய்கள் மான் குட்டிகளை விடாது. புதுக் கட்டடம் வேண்டுமானால் ஏற்கெனவே கட்டிய பகுதியில் மாடி எழுப்பட்டும். இவை நிர்வாகம் நாளையே செய்யக்கூடியவை.

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் 167 ஹெக்டேரை 2010-இலேயே பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்துவிட்டார்கள். பல்கலைக்கழக வளாகத்துக்கும் அந்தச் சட்ட அங்கீகாரம் கிடைக்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை, நீங்களும் கேளுங்கள். ஆனால் அறிவிப்பை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நம் அரிட்டாபட்டிக்கு 2022-இல் அதே அறிவிப்பு வந்தும், 2024-இல் ஏலம் விட்ட டங்ஸ்டன் சுரங்கப் பரப்புக்குள் அதையும் சேர்த்திருந்தார்கள். 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்கு ஊரே நடந்த பிறகுதான் ஏலம் ரத்தானது. அம்மா அன்று அந்தக் காலோடு நரசிங்கம்பட்டி வரை போய்விட்டு வந்தாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. உனக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை.

மாணவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறும்படி தெலங்கானா துணை முதல்வர் சொன்னதாக ஏப்ரலில் படித்தேன். சொல்வது வேறு, எழுத்தில் வருவது வேறு. யார் யார் பெயர் இருந்தது, அவை நீங்கினவா என்பதை ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்தாகக் கேட்டு வாங்கச் சொல், உன் தோழிகளிடம். அவர்களும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

கருத்தரங்குக்குப் போக உன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சின்னவன் கணினி மையத்தில் மற்ற விவரங்களை எல்லாம் நிரப்பிவிட்டான். நிலுவையில் குற்ற வழக்கு உண்டா என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு வரச் சொன்னேன். அதில் என்ன எழுதுவது என்பதை நீ எனக்கே போன் செய்து சொல். எதுவானாலும் சரி. இரவு பத்து மணிக்கு மேலானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா